ஆக்‌ஷன் படத்தின் கதை அமைப்பும் ஹீரோவின் மனசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறும்படம் எடுப்பவர்கள், முதல் படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதும் உதவி இயக்குநர்கள், வேலையை விட்டுவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தவர்கள் எனப் பலரும் அனுப்பும் ஆக்‌ஷன் கதைகளைப் படித்துக் கருத்து சொல்லி வருகிறேன். கதைகள்தான் வேறு வேறு, சந்தேகங்கள் எல்லாம் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் மூன்று படங்கள்: 'பாட்ஷா' (1995), 'கைதி' (2019), ஹாலிவுட்டின் 'டை ஹார்ட்' (1988). பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். கிளைமாக்ஸ் வரை எல்லாவற்றையும் உடைத்துப் பேசியிருக்கிறேன்.

சண்டை நல்லா இருந்தா படம் ஓடிடும். அப்புறம் ஆர்க், ஹீரோவோட மனசு போற பாதை, அது இதுன்னு எதுக்கு?

ஓடும். ஓடியிருக்கிறது. ஆனால் நீங்கள் ஸ்டண்ட் மாஸ்டர் இல்லை, எழுத்தாளர். சண்டையை அழகாக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சண்டை நடந்தே தீர வேண்டும் என்று பார்ப்பவரைத் தவிக்க வைக்க உங்களை விட்டால் ஆள் கிடையாது.

ஹீரோ ஜெயிப்பான் என்பது டிக்கெட் எடுக்கும்போதே எல்லோருக்கும் தெரியும். அதனால் 'ஜெயிப்பானா?' என்ற கேள்வியை மட்டும் வைத்து இரண்டரை மணி நேரம் ஓட்ட முடியாது. ஜெயிக்க அவன் எதை இழக்க வேண்டியிருக்கும், எதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாதது. அங்கேதான் எழுத்தாளருக்கு வேலை.

பிளாட் வேற, எமோஷனல் ஆர்க் வேறயா? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

ஒரு கதையை வைத்துப் பார்க்கலாம். செல்வம் என்று ஒருவன். ஈரோடு ஜவுளிச் சந்தைக்குச் சரக்கு ஏற்றி வரும் மினி வேன் டிரைவர். அவன் தம்பியைக் கந்துவட்டி கும்பல் ஒன்று தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. விடிவதற்குள் பணம் வர வேண்டும், இல்லாவிட்டால் தம்பி உயிரோடு இல்லை. செல்வம் ராத்திரி முழுக்கத் தேடி அலைந்து, அடித்து உதைத்து, தம்பியை மீட்கிறான். இது பிளாட்.

இப்போது ஒரு விஷயத்தைச் சேருங்கள். மூன்று வருடத்துக்கு முன் அந்தத் தம்பியை அடித்து வீட்டை விட்டுத் துரத்தியதே செல்வம்தான். கடன் கேட்டு வந்தபோதும் கதவைத் திறக்கவில்லை. ஊரில் யார் கேட்டாலும் "அவன் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். ராத்திரி தொடங்கும்போது "அவன் தலையெழுத்து" என்றவன், விடியும்போது "நான்தான் துரத்தினேன்" என்று தம்பியிடமே சொல்கிறான். இது ஆர்க்.

பிளாட்டில் அவன் தம்பியைத் தேடுகிறான். ஆர்க்கில் அந்தத் தேடலே அவனைச் சும்மா விடமாட்டேன் என்கிறது. இரண்டையும் பிரித்து எழுதிப் பார்த்தால்தான் உங்கள் கதையில் எது இல்லை என்று தெரியும். எனக்கு வரும் கதைகளில் முதல் பத்தி பிரமாதமாக இருக்கும், இரண்டாவது பத்தியே இருக்காது.

தொடக்கம், நடு, முடிவுன்னு மூணு ஆக்ட் புத்தகத்துல இருக்கு. நம்ம படத்துல இன்டர்வெல் இருக்கே, அதை எங்க பொருத்துறது?

அந்தக் கணக்கு இடைவேளை இல்லாத ஊரில் போட்டது. ஒரு பக்கம் ஒரு நிமிடம், 120 பக்க ஸ்கிரிப்டில் முதல் அங்கம் 30, இரண்டாவது 60, மூன்றாவது 30 என்பது அதன் தோராயமான பிரிப்பு. அதில் அறுபதாவது பக்கம் வெறும் நடுப்பகுதி. கதை லேசாகத் திரும்பினால் போதும். நம் தியேட்டரில் அதே இடத்தில் விளக்கு எரிகிறது, ஆட்கள் எழுந்து வெளியே போகிறார்கள். போனவர்கள் திரும்பி வந்து உட்கார ஒரு காரணம் கொடுத்தாக வேண்டும்.

அதனால் நான் எழுதச் சொல்வது இரண்டு கேள்விகளை. முதல் பாதிக்கு ஒரு கேள்வி, இரண்டாம் பாதிக்கு இன்னொன்று. முதல் கேள்விக்கு இடைவேளையில் பதில் கிடைக்க வேண்டும். அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்க வேண்டும். செல்வம் கதையில் 'தம்பி எங்கே?' என்பது முதல் பாதி. தம்பி கடத்தப்படவில்லை, அண்ணன் மேல் இருக்கும் ஆத்திரத்தில் அந்தக் கும்பலோடு தானாகவே சேர்ந்துகொண்டான் என்று தெரிவது இடைவேளை. 'வரமாட்டேன் என்பவனை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?' என்பது இரண்டாம் பாதி. மூன்று அங்கமும் இதற்குள் தானாக வந்துவிடும். பக்க எண்ணைப் பார்த்துக்கொண்டு எழுத வேண்டியதில்லை.

இன்டர்வெல் பிளாக்ல ஃபைட் இருந்தே ஆகணுமா?

இல்லை. திருப்பம் இருந்தே ஆக வேண்டும். ஃபைட் இருந்து திருப்பம் இல்லாவிட்டால் ஜனங்கள் கைதட்டிவிட்டு வெளியே போய் வேறு விஷயம் பேசுவார்கள்.

ஹீரோ மாறியே ஆகணுமா? மாஸ் ஹீரோ படத்துல "நான் திருந்திட்டேன்"னு சொல்ல வெச்சா விசில் வராதே.

நியாயமான கேள்வி. ஆங்கிலத் திரைக்கதைப் பாடம் படித்துவிட்டு நம் கதைகளைப் பார்ப்பவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். ஹீரோ குறையோடு தொடங்கி, அடிபட்டு, பாடம் கற்று, வேறு ஆளாக முடிவது ஒரு வகை. 'டை ஹார்ட்' அந்த வகை. ஆனால் நம் மாஸ் படங்கள் பெரும்பாலும் அந்த வகையே அல்ல. அவற்றில் ஹீரோ மாறுவதில்லை, மறைந்திருந்தவன் வெளியே தெரிகிறான்.

'பாட்ஷா'வைப் பாருங்கள். பம்பாயில் தாதாவாக இருந்ததை மறைத்துக்கொண்டு மாணிக்கம் ஆட்டோ ஓட்டுகிறான். தம்பி தங்கைகளுக்காக உழைக்கிறான். ஊர் ரவுடி கம்பத்தில் கட்டிவைத்து அடித்தாலும் வாங்கிக்கொள்கிறான். சாகும் நேரத்தில் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அவன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. படம் முழுக்க அவன் குணம் ஒன்றேதான். மாறுவது, அவனைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பது மட்டும். அப்படியானால் நாம் ஏன் நகராமல் உட்கார்ந்திருக்கிறோம்? அடக்கிக்கொண்டிருப்பவனைப் பார்ப்பது அவ்வளவு தவிப்பு. அவன் எப்போது உடைவான் என்று நாமே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

இது சினிமா கண்டுபிடித்த உத்தி கிடையாது. தெருக்கூத்தில் விராட பர்வம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பதின்மூன்றாவது வருடம் பாண்டவர்கள் ஒளிந்து வாழ வேண்டும். அர்ஜுனன் நடனம் சொல்லிக்கொடுக்கும் பிருகன்னளை, பீமன் சமையற்கட்டில். அடையாளம் தெரிந்தால் மறுபடியும் பன்னிரண்டு வருடம் காடு. அந்த நேரம் பார்த்துக் கீசகன் திரௌபதியிடம் வம்பு செய்கிறான். பீமனுக்கு அவனைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. கொன்றால் தெரிந்துவிடும் என்பதுதான் பிரச்சினை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பீமன்தான் நம் ஊர் மாஸ் ஹீரோவுக்கு மூத்தவன்.

ஆகவே எழுத உட்காரும்போதே முடிவு செய்துவிடுங்கள்: உங்களுடையது மாறும் ஹீரோவா, வெளிப்படும் ஹீரோவா? வெளிப்படும் ஹீரோ என்றால், ஏன் மறைந்திருக்கிறான் என்பதற்குப் பலமான காரணம் வேண்டும். வெளிப்பட்டால் என்ன போகும் என்பது அதைவிட முக்கியம். 'பாட்ஷா'வில் தம்பி போலீஸ் அதிகாரி. அண்ணனைப் பார்த்து 'நீ யார், பம்பாயில் என்ன செய்துகொண்டிருந்தாய்?' என்று அவனே கேட்கும் நிலை வருகிறது. மாணிக்கம் கட்டிக் காத்த சாதாரண அண்ணன் வாழ்க்கை அந்தக் கேள்வியோடு முடிந்தது. வெளிப்பட்டும் ஒன்றும் போகவில்லை என்றால் அது வெறும் பில்டப். இன்று வரும் மாஸ் கதைகளில் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கின்றன: கெட்டப்பு மாறுகிறது, பின்னணி இசை ஏறுகிறது, யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

ஹீரோவுக்குப் பயங்கரமா கோபம் வர்ற மாதிரி எழுதியிருக்கேன். படிக்கிறவங்களுக்கு வரலையாம். ஏன்?

ஹீரோவின் கோபத்தை எழுதியிருப்பீர்கள், கோபத்துக்கான காரணத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகளைச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்றும் நான்கு நான்காகச் சொல்கிறது. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, அது தரும் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடல் உறுப்பை அறுப்பது, குடியைச் சார்ந்தவர்களுக்குக் கேடு செய்வது, ஏசியும் அடித்தும் அலைக்கழிப்பது, கொல்வது. உங்களுக்குப் பிடித்த பத்து ஆக்‌ஷன் படங்களின் இடைவேளைக் காட்சியை இந்த நான்கோடு வைத்துப் பாருங்கள். வெளியே நிற்பது ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, நான்குமே வெளியே நடக்கும் செயல்கள். கண் சிவந்தது, நரம்பு புடைத்தது, முஷ்டி இறுகியது என்று எழுதுவது விளைவு. பார்ப்பவருக்குக் கோபம் வர வேண்டுமானால் அந்தச் செயலை அவர் கண்ணால் பார்க்க வேண்டும், முடிந்தால் ஹீரோவுக்கு முன்பே பார்க்க வேண்டும். நமக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்கு இன்னும் தெரியாது என்ற இடைவெளியில் நம் கோபம் தானாக ஏறும்.

பழிவாங்கும் கதைன்னா தங்கச்சியோ மனைவியோ சாகாம ஆரம்பிக்க முடியாதா?

முடியும். மேலே சொன்ன நான்கில் எல்லோரும் கொலையை மட்டுமே எடுத்துக்கொள்வது சோம்பேறித்தனம். அதிலும் சாகிறவள் சாவதற்கு முன் இரண்டு காட்சியில் சிரித்துவிட்டு, ஒரு பாட்டில் ஓடிவிட்டுப் போகிறாள். அவளுக்கு என்ன வேலை, என்ன பிடிக்கும், எதற்காக அண்ணனோடு சண்டை போடுவாள் என்று ஒன்றும் தெரியாது. தெரியாதவள் செத்தால் நமக்கு வலிக்காது. அந்த இடத்தை நிரப்ப இசையமைப்பாளரைத் தொல்லை செய்கிறோம்.

'அலை' என்பதை எடுத்துப் பாருங்கள். நாலு பேர் முன்னால் அப்பாவை அறைவது. வேலை கேட்டுப் போன இடத்தில் செருப்பைக் கழற்றச் சொல்வது. யாரும் சாகவில்லை, ஆனால் பார்ப்பவர் மறக்கமாட்டார். உயிரோடு இருக்கும் அப்பாவின் முகத்தை ஹீரோ தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது இதில் கூடுதல் லாபம்.

பிளாஷ்பேக்கை எங்க வைக்கிறது? செகண்ட் ஹாஃப் தொடக்கத்துலதானே?

இடம் முக்கியமில்லை, யாருக்கு அது தேவைப்படுகிறது என்பதுதான் முக்கியம். 'பாட்ஷா'வில் தம்பி கேட்கிறான், நாமும் அதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் அவ்வளவு நீளமான பம்பாய்க் கதை வந்தாலும் நிகழ்காலம் நின்றுபோன உணர்வு வருவதில்லை. கேள்வி பழுக்கும் முன்பே பிளாஷ்பேக் வந்தால் அது வெறும் தகவல்.

இன்னொரு வழி, காட்டாமலே விடுவது. 'கைதி'யில் பத்து வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு, இதுவரை பார்த்தே இராத மகளைப் பார்க்கப் போகிறவன் டில்லி. அவனுடைய பழைய கதையைத் தனிக் காட்சிகளாக விரிக்காமல் அவன் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். நாம் பார்ப்பது அவன் முகத்தை. மனைவி வேடத்தில் ஒருவரைக் கொண்டுவந்து ஒரு பாட்டு போட்டிருந்தால் அந்த இரவின் ஓட்டம் அங்கேயே அறுந்திருக்கும். நடிகர் மேல் நம்பிக்கை இருந்தால் இந்த வழியை முயன்று பாருங்கள், பட்ஜெட்டுக்கும் நல்லது.

ஃபைட் சீனை ஸ்கிரிப்ட்ல எப்படி எழுதுறது? "இங்கே ஃபைட்"னு போட்டுட்டு மாஸ்டர் பாத்துப்பார்னு விட்டுடலாமா?

அடியையும் உதையையும் மாஸ்டரிடம் விடலாம், விடத்தான் வேண்டும். ஆனால் சண்டை தொடங்கும்போது ஹீரோவுக்கு என்ன வேண்டும், நடுவில் எது கெட்டுப்போகிறது, முடியும்போது முன்பு இல்லாத எது அவனிடம் இருக்கிறது அல்லது இருந்த எது இல்லை, இவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும். இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 'டை ஹார்ட்' படத்தின் வெறுங்கால்.

ஜான் மெக்ளேன் நியூயார்க் போலீஸ்காரன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பிரிந்து வாழும் மனைவி ஹாலியைப் பார்க்க லாஸ் ஏஞ்சல்ஸ் வருகிறான். விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர், பயணக் களைப்பு போகச் செருப்பு, சாக்ஸ் எல்லாம் கழற்றிவிட்டுக் கால்விரல்களைத் தரைவிரிப்பில் மடக்கி நடக்கச் சொல்கிறார். மனைவியின் ஆபீஸ் கட்டடத்துக்கு வந்து, அவளோடு வாக்குவாதம் செய்துவிட்டு, தனியாக இருக்கும்போது அதைச் செய்து பார்க்கிறான். அந்த நேரம் பார்த்துத் துப்பாக்கிக் கும்பல் நுழைகிறது. வெறுங்காலோடு ஓடுகிறான். பாதிப் படத்துக்கு மேல் போனதும், வில்லன் ஹான்ஸ் வேறு ஆள் போல நடித்துக்கொண்டு அவனோடு பேசும்போது அந்தக் காலைப் பார்த்துவிடுகிறான். அடுத்த துப்பாக்கிச் சண்டையில் கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். தரையெல்லாம் சில்லு. அதன் மேல் ஓடித்தான் மெக்ளேன் தப்ப வேண்டும்.

இதுவரை பிளாட். அப்புறம் ஒரு பாத்ரூமில் உட்கார்ந்து காலிலிருந்து கண்ணாடிச் சில்லைப் பிடுங்குகிறான். வெளியே நிற்கும் பவல் என்ற போலீஸ்காரரிடம் வாக்கிடாக்கியில், நான் பிழைக்காவிட்டால் என் மனைவியிடம் இதைச் சொல் என்கிறான்: அவள் வேலையில் மேலே வந்தபோது கூட நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை, மன்னிப்பு கேட்டதாகச் சொல். சண்டையில் காலில் ஏறிய கண்ணாடிதான் அவனை உட்கார வைத்து இதைச் சொல்ல வைக்கிறது. முதல் காட்சியில் ஒரு சக பயணி சொன்ன கைவைத்தியத்திலிருந்து இங்கே வரை ஒரு சங்கிலி. நடுவில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டாலும் அந்த மன்னிப்பு வராது.

செல்வம் கதைக்கு இதைச் செய்து பாருங்கள். கும்பலோடு அடிதடியில் அவனுக்கு என்ன ஆனால், தம்பியிடம் உண்மையைச் சொல்லும் இடத்துக்குத் தள்ளப்படுவான்? அதற்கு விடை கிடைத்துவிட்டால் அந்த ஃபைட்டை எந்த மாஸ்டரும் கெடுக்க முடியாது.

ஹீரோ அழலாமா?

தாராளமாக. எப்போது, யார் முன்னால் என்பதுதான் விஷயம். மேலே சொன்ன காட்சியில் மெக்ளேன் மனைவியின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லவில்லை. அவனால் முடியாது, அதுதான் அவன் பிரச்சினையே. இதுவரை முகம் பார்த்திராத ஒரு குரலிடம் சொல்கிறான். நேரடியாகச் சொல்ல முடியாத ஆளுக்குச் சுற்றுவழி ஒன்று அமைத்துக் கொடுங்கள், அழுகை தானாக வரும். ஹீரோ அழும்போது படிக்கிறவர் அழவில்லை என்றால், அழுகைக்கு முன்னால் இருக்கும் அடக்கம் போதவில்லை.

ஒரே ராத்திரியில நடக்கிற கதை என்னோடது. ஒரு மனுஷன் ஒரு ராத்திரியில மாறுவானா?

'கைதி', 'டை ஹார்ட்' இரண்டுமே ஒரே இரவில் முடிகிற கதைகள். ஒரே இரவில் குணம் மாறாது, ஆனால் பல வருடம் தள்ளிப்போட்ட ஒரு காரியத்தைச் செய்ய ஓர் இரவு போதும். அதனால் ஆர்க்கின் தொடக்கம் படத்தின் தொடக்கத்துக்கும் பல வருடம் முன்னால் இருக்கட்டும். படம் அதன் கடைசிப் பகுதியை மட்டும் காட்டட்டும். டில்லிக்குப் பின்னால் பத்து வருடம் இருக்கிறது. போலீஸ்காரர்களை ஏற்றிய லாரியின் ஸ்டியரிங்கை அவன் முதலில் பிடிப்பது கட்டாயத்தால். மகளைப் பார்க்கும் நேரம் தள்ளிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு சண்டையும் அவனுக்கும் மகளுக்கும் நடுவே நிற்கும் தடையாக வருவதால், தனியாக ஒரு சென்டிமென்ட் காட்சி தேவைப்படவில்லை.

வில்லனை எப்படி எழுதுறது? பலமா இருந்தா போதுமா?

பலம் சுலபம்: நாலு அடியாட்கள், ஒரு பங்களா. ஹீரோ எதை மறைக்கிறானோ, எதை ஒப்புக்கொள்ள மறுக்கிறானோ, அதில் கை வைக்கும் ஆள்தான் வில்லன். செல்வம் கதையில் வில்லன் தம்பிக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பவனாக, 'டேய் தம்பி' என்று கூப்பிடுபவனாக இருக்கட்டும். அண்ணன் செய்யாததைச் செய்கிறான், அதை வைத்தே அவனை அடிமையாக்குகிறான். அவனை அடிக்கும் ஒவ்வொரு அடியும் செல்வத்தின் முகத்தில் திரும்ப விழும்.

செகண்ட் ஹாஃப் லேக்னு எல்லாரும் சொல்றாங்க. ஃபைட் இன்னும் ரெண்டு சேர்க்கட்டுமா?

வேண்டாம். லேக் என்றால் காட்சி மெதுவாகப் போகிறது என்று அர்த்தமில்லை, அடுத்து என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை பார்ப்பவருக்கு இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு கேள்வி வைக்கச் சொன்னேனே, அதில் இரண்டாவது கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. முதல் பாதியின் கேள்வியையே 'இப்போது இன்னும் பெரிய வில்லன்' என்று இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு காரணம், ஹீரோவுக்குச் சிக்கலே இல்லாமல் போவது. வெளிப்படும் ஹீரோ கதைகளில் இது அடிக்கடி நடக்கும். இடைவேளையில் 'நான் யார் தெரியுமா' என்று நின்றுவிட்டான். அதன் பிறகு அடக்க எதுவும் இல்லை, தவிப்பும் இல்லை. வெளிப்பட்டவனுக்குப் புதிதாக ஒரு கட்டு போடுங்கள். அவன் காப்பாற்ற நினைப்பவர்களே இப்போது அவனைப் பார்த்துப் பயப்படலாம்.

பாட்டு வெச்சா ஆர்க் கெட்டுடுமா?

ஹீரோவின் மனசு நகரும் இடத்தில் வைத்தால் கெடாது. வெளிநாட்டில் ஆடிவிட்டு வந்தால் கெடும்.

ஹீரோ மாறவே இல்ல, கூட இருக்கிறவங்கதான் மாறுறாங்க. இது ஓகேவா?

ரொம்பவே ஓகே. 'கைதி'யில் கமிஷனர் ஆபீஸில் மாட்டிக்கொள்ளும் கான்ஸ்டபிள் நெப்போலியன் நினைவிருக்கும். கையில் ஆள்பலம் இல்லை, துணைக்கு சில காலேஜ் பிள்ளைகள். வெளியே ஒரு கும்பலே நிற்கிறது. பார்ப்பவர் மனசில் டில்லிக்குச் சமமாக அவரும் நிற்கிறார், ஏனென்றால் டில்லி ஜெயிப்பான் என்று தெரியும், இவர் தாக்குப்பிடிப்பாரா என்று தெரியாது. 'டை ஹார்ட்'டின் பவலும் அப்படித்தான். ஒருமுறை தவறுதலாக ஒரு சிறுவனைச் சுட்டுவிட்டு, அதன் பிறகு துப்பாக்கியையே எடுக்க முடியாமல் இருப்பவர். கடைசியில் எடுக்கிறார்.

2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெயர் மேக்ஸுடையது, பயணம் ஃபியூரியோசா என்ற பெண்ணுடையது. அவள் தேடிப்போன பச்சை நிலம் இல்லை என்று தெரிந்து உடைவதும், துரத்தியவர்களின் கோட்டைக்கே திரும்ப முடிவெடுப்பதும்தான் கதையின் முதுகெலும்பு. மேக்ஸுக்கு ஒரு சின்னக் கோடுதான்: தன் பெயரைக்கூடச் சொல்ல மறுத்தவன், அவளுக்கு ரத்தம் கொடுக்கும்போது பெயரைச் சொல்கிறான். ஒரு வரி வசனம், போதும்.

கிளைமாக்ஸ் ஃபைட் முடிஞ்சதும் இன்னொரு எமோஷனல் சீன் வெக்கணுமா? ஜனங்க எழுந்து போயிடறாங்களே.

ஃபைட்டுக்குள்ளேயே பாதி வேலையை முடித்துவிட்டால் வெளியே ஒரு நிமிடம் போதும். மறுபடியும் 'டை ஹார்ட்'. ஹாலி ஆபீஸில் தன் திருமணப் பெயரை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுப் பெயரான ஜென்னரோவில் இருக்கிறாள். அதுதான் முதல் வாக்குவாதத்துக்குக் காரணம். கம்பெனி அவள் திறமைக்குப் பரிசாகக் கொடுத்த ஒரு கைக்கடிகாரமும் இருக்கிறது. கடைசியில் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் ஹான்ஸ் பிடித்துக்கொண்டிருப்பது அவள் மணிக்கட்டில் உள்ள அந்தக் கடிகாரத்தைத்தான். மெக்ளேன் அதன் பூட்டைக் கழற்றுகிறான், வில்லன் விழுகிறான். கீழே வந்ததும் பவலிடம் அவளை ஜென்னரோ என்றே அறிமுகப்படுத்துகிறான். அவள் மெக்ளேன் என்று திருத்துகிறாள். ஆளுக்கு ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தார்கள், சமாதானம் முடிந்தது.

வேலையில் வாங்கிய பரிசு கழன்றால்தான் குடும்பம் சேருமா என்று இன்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் ஒரு பொருளைச் சண்டையிலும் மனசிலும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வைப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஹீரோ ஜெயிச்சும் தோத்த மாதிரி முடிச்சா தயாரிப்பாளர் ஒத்துப்பாரா?

'தேவர் மகன்' (1992) அப்படித்தான் முடிகிறது. லண்டனிலிருந்து வந்து ரெஸ்டாரன்ட் வைக்கும் ஆசையோடு இருப்பவன் சக்தி. ஊரையும் அதன் வெட்டுக்குத்தையும் விட்டு விலகிப் போக நினைத்தவன், கடைசியில் தானே கொலை செய்துவிட்டு, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊராரிடம் சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போகிறான். முழு ஆக்‌ஷன் படம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஆர்க் எழுத நினைப்பவர்கள் காட்சி காட்சியாகப் படிக்க வேண்டிய படம். அவன் எதிலிருந்து ஓட நினைத்தான் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டதால், அந்த முடிவு ஏமாற்றமாக இல்லை, வலியாக இருக்கிறது. வில்லன் சாகாமல் ஹீரோ மட்டும் தோற்றால் ஜனங்கள் கோபப்படுவார்கள். வில்லனும் செத்து, ஹீரோவும் விலை கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

பார்ட் 2-க்கு லீட் வெக்கணும். அப்போ ஆர்க்கை முடிக்காம விடலாமா?

பிளாட்டில் ஒரு கதவைத் திறந்து விடுங்கள், ஆர்க்கை முடித்துவிடுங்கள். தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான், வட்டிக் கும்பலின் பெரிய தலை இன்னும் வெளியே இருக்கிறது என்றால் பிரச்சினை இல்லை. செல்வம் மன்னிப்பு கேட்பது அடுத்த பாகத்தில் என்றால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள். 'கைதி'யில் அடுத்த கதைக்கான நூல் தொங்குகிறது, ஆனால் டில்லி மகளைப் பார்த்துவிடுகிறான்.

தயாரிப்பாளர்கிட்ட கதை சொல்லும்போது இந்த ஆர்க் எல்லாம் சொல்லணுமா?

ஆர்க் என்ற வார்த்தையே வர வேண்டாம். கதையை பிளாட்டாகவே சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஹீரோ யாரிடம் எதை மறைக்கிறான், அல்லது யாரிடம் எதைச் சொல்லாமல் இருக்கிறான் என்பது காதில் விழுந்துவிட வேண்டும். இடைவேளைக் காட்சியை மட்டும் வசனத்தோடு முழுசாகச் சொல்லுங்கள், நிறுத்துங்கள், அவர் முகத்தைப் பாருங்கள். 'அப்புறம்?' என்று அவராகக் கேட்டால் இரண்டாம் பாதியைத் தொடருங்கள். கேட்காமல் போனை எடுத்துவிட்டால், வீட்டுக்கு வந்து அந்த இரண்டாவது கேள்வியைத் திரும்ப எழுதுங்கள்.